உலையவிந்த ஊரும் உழைப்புக்கு வழியும்

ஓர் ஊரை வாழ்விப்பது ஆறு என்பர் உழவர்; துறைமுகம் என்பர் வணிகர்; ஆலை என்பர் இக்காலத்தார். மூவர் கூற்றும் உண்மையே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. வற்றிய ஆறு மறு மாரியிற் பெருகும். தூர்ந்த துறையும் தோண்டினால் திறக்கும். மூடப்பட்ட ஆலையோ பெரும்பாலும் மீண்டும் திறப்பதில்லை. அங்ஙனமாயின், ஆலை ஒன்றையே நம்பி வளர்ந்த ஊரார் அது போனபின் என் செய்வர்? "உங்கள் நிலத்தின்கீழ் எரிவாயு உண்டு, அதனை எடுப்போம், வேலை தானே வரும்" என்று ஒருவர் வந்து சொல்வாராயின், அதனை ஏற்பதா, மறுப்பதா? இவ்வினாவைக் குறித்து எம் சிற்றறிவிற்கு எட்டியவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் பொருளாதார நூல் கற்றுத் துறைபோயவரல்லேம். தமிழ் பயிலும் மாணவரே. ஒரு நாள் ஊதியமும் ஈட்டிப் பார்த்ததில்லை. ஆயினும் எம் விடுதியில் உறையும் நண்பர் ஒருவரின் தந்தையார் இருபதாண்டு உழைத்த நூற்பாலை ஒரு மாதத்தில் மூடப்பட்டதையும், அம்மாதத்திற்குப்பின் அந்நண்பர் உணவறைக்கு வருங்கால் முகம் மாறியிருந்ததையும் கண்டோம். அதன்பின்னரே இத்தகைய ஊர்களின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அவற்றுள் எம் மனத்தைவிட்டு அகலாதது அமெரிக்க நாட்டில் ஒஹையோ மாகாணத்து யங்ஸ்டவுன் என்னும் நகரம். நம் நாட்டு அனுபவத்தைக் கொண்டு பிறநாட்டை அளப்பது எம் நோக்கமன்று. அவ்வூரின் கதையை அவ்வூரின் கதையாகவே சொல்லுதும்.

மகோனிங் என்னும் ஆற்றின் கரையில் அமைந்தது அந்நகரம். அதன் அருகே எல்லோ கிரீக் என்னும் ஓடைக்கரையில் 1803-ஆம் ஆண்டளவில் முதல் ஊதுலை எழுந்தது. அக்காலத்தில் இரும்பை உருக்க மரக்கரியே பெரிதும் உதவிற்று. மரக்கரியோ காட்டை அழித்தே வருவது. பின்னர் அவ்வூர்ப் பக்கத்துப் பிரையர் ஹில் என்னும் குன்றிலும் அதனைச் சூழ்ந்த நிலத்திலும் நல்ல நிலக்கரி கிடைத்தது. அதனைச் சுடாது பச்சையாகவே உலையிலிடலாம் என்பதை 1846-இல் அண்மையிலுள்ள லோவெல்வில் என்னுமிடத்து உலை காட்டியது. அக்கரியும் குறைந்தபோது, பென்சில்வேனியா மாகாணத்துக் கானல்ஸ்வில் வட்டாரத்திலிருந்து கோக் என்னும் சுட்ட கரி ரெயிலில் வந்தது. சுபீரியர் ஏரிப்பக்கத்து இரும்புத் தாது ஏரிவழிக் கப்பலிலும் பின்னர் ரெயிலிலும் வந்தது. ஆகவே, நேயர்காள், ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வூர் ஒரே எரிபொருளால் வாழ்ந்த ஊரன்று. காடு போயிற்று, கரி வந்தது. உள்ளூர்க் கரி போயிற்று, அயலூர்க் கரி வந்தது. எரிபொருள் மாறியும் ஊர் நின்றது. ஏன்? எரிபொருளைக் கொண்டு செய்யத்தக்க ஒரு தொழிலும், அத்தொழிலில் தேர்ந்த கைகளும் அங்கே நிலைத்திருந்தமையால் என்க.

உள்ளூர்ச் செல்வர் சிலர் கூடி 1900-இல் தொடங்கிய யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி, நாட்டின் பெரிய எஃகுக் கம்பெனிகளுள் ஒன்றாயிற்று. இத்தாலியர், ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர், போலந்து நாட்டினர், தென்மாகாணங்களிலிருந்து வந்த கறுப்பு மக்கள் எனப் பலதிறத்தாரும் அவ்வாற்றங்கரையில் குடியேறினர். 1930-இல் அந்நகரின் ஜனத்தொகை 1,70,002. இரவில் உலைகளின் செவ்வொளியால் வானமே சிவந்து தோன்றுமாம். அப்புகையைக் கண்டு முகஞ்சுளிப்பார் அவ்வூரில் இலர். புகை நின்றால் அடுப்பில் உலை ஏறாதென்பதை அவர்கள் நன்கறிவர்.

ஆயினும் உள்ளே செல்லரித்துக்கொண்டிருந்தது. கப்பல் செல்லும் ஏரியோ பேராறோ அவ்வூரில் இல்லை. தாதும் கரியும் ரெயிலிலேயே வரவேண்டும். அதனால் செலவு மிகும். பழைய திறந்த உலைகளைப் புதுப்பிக்கவில்லை. அயல்நாட்டு எஃகு மலிவாக வந்து குவிந்தது. 1969-இல் லைக்ஸ் என்னும் கப்பற் கம்பெனி ஷீட் அண்ட் டியூப்பை வாங்கியது. உள்ளூரார் கையிலிருந்த ஆலை தொலைவூரார் கைக்குப் போயிற்று. ஆலையீட்டிய பணம் ஆலைக்குத் திரும்பவில்லை என்பது தொழிலாளரின் தீராத மனக்குறை. 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் திங்கட்கிழமை, காம்பெல் ஆலையின் பெரும்பகுதி மூடப்படும் என்ற செய்தி வந்தது. சுமார் ஐயாயிரவர் வேலையிழந்தனர். இன்றும் அவ்வூரார் அந்நாளைக் 'கரிய திங்கள்' என்றே வழங்குகின்றனர். அடுத்த ஐந்தாண்டிற்குள் பிரையர் ஹில் ஆலையும், யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனியின் ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1982-இல் அக்கம்பெனியின் பேருலைகளை வெடி வைத்துத் தகர்த்தனர்.

அவ்வேளையில் அவ்வூர்த் திருச்சபைகள் செய்த ஒரு காரியம் நம் கல்லூரியினர் அறியத்தக்கது. கத்தோலிக்க அத்தியட்சரும் எப்பிஸ்கோப்பல் அத்தியட்சரும் முன்னின்று, பல சபையாரும் யூதகுருமாரும் உடன்சேர, ஒரு கூட்டமைப்பை நிறுவினர். ஆலையைத் தொழிலாளரும் ஊராரும் கூடி வாங்கி நடத்தலாம் என்பது அவர்கள் திட்டம். ஊரார் தங்கள் சேமிப்பை இதற்கென வங்கிகளில் வைத்தனர். மத்திய சர்க்கார் கடனுக்குப் பிணை நிற்க வேண்டுமென்று கேட்டனர்; 1979-இல் சர்க்கார் மறுத்துவிட்டது. 1980 ஜனவரியில் தொழிலாளர் எஃகுக் கம்பெனியின் காரியாலயத்திற் புகுந்து அமர்ந்தனர். வழக்கும் தொடுத்தனர். நெடுங்காலம் ஓர் ஊரின் உழைப்பால் வளர்ந்த ஆலையில் அவ்வூருக்கும் ஓர் உரிமை உண்டன்றோ என்று நீதிபதியே ஒருகால் வினவினார். எனினும் அத்தகைய உரிமைக்குச் சட்டத்தில் இடமில்லை என்றே தீர்ப்பாயிற்று. முயற்சி தோற்றது. ஆயினும் 1988-இல், பெரிய ஆலைகளை மூடுமுன் 60 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டுமென்று அந்நாட்டிற் சட்டம் பிறந்தது. தோற்றவர் கேட்ட கேள்வியின் நிழல் அச்சட்டத்தில் படிந்திருப்பதாகவே யாம் கருதுகின்றோம்.

இனி எரிவாயுவின் கதைக்கு வருவோம். ஆலைகள் போய் முப்பதாண்டு கழிந்தது. 2010-இல் ஜனத்தொகை 66,982 ஆகச் சுருங்கிற்று. ஆளில்லா வீடுகள் தெருத்தோறும் நின்றன. அப்போது ஒஹையோவின் கிழக்குப் பகுதியில் யூட்டிக்கா என்னும் ஆழ்ந்த களிப்பாறையில் எரிவாயுவும் எண்ணெயும் அடைபட்டுள்ளன என்ற செய்தி பரவிற்று. நிலத்தில் ஆழத் துளையிட்டு, பக்கவாட்டில் திருப்பி, மணலும் இரசாயனமும் கலந்த நீரைப் பெருவிசையோடு செலுத்திப் பாறையைப் பிளந்து வாயுவை வெளிக்கொணர்வதே அம்முறை. குத்தகைக்காரர் வீடுதோறும் வந்தனர். பி.பி. கம்பெனி 2012-இல் அண்டையிலுள்ள ட்ரம்பல் ஜில்லாவில் சுமார் 84,000 ஏக்கர் நிலத்தின் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தது. மக்கள் உள்ளத்தில் உலையொளி மீண்டும் தோன்றியது.

விளைந்தது யாது? பி.பி. கம்பெனி சில கிணறுகளைத் தோண்டிப் பார்த்தது. கிடைத்தது செலவுக்குக் காணாதென்று கண்டு 2014 ஏப்ரலில் தன் முயற்சியைக் கைவிட்டது. வளமான வாயு தெற்கேயுள்ள ஜில்லாக்களில் இருந்தது. துளைப்பொறிகளும் அங்கே சென்றன. யங்ஸ்டவுனுக்கு வந்துசேர்ந்ததோ பெரும்பாலும் கழிவு. பாறையைப் பிளந்தபின் மேலே திரும்பும் உப்புநீரை எங்கேனும் கொட்டவேண்டுமன்றோ? அதனை ஆழ்கிணறுகளில் அழுத்திப் புதைத்தனர். நகர எல்லைக்குள் நார்த்ஸ்டார் என்னும் கிணற்றில் 2010 டிசம்பரில் இவ்வாறு செலுத்தத் தொடங்கினர். அதற்குமுன் நிலநடுக்கத்தை அறியாத அவ்வூர் 2011-இல் அடிக்கடி நடுங்கியது. பதினான்கு மாதத்திற்குள் 109 அதிர்ச்சிகளை நூலோர் கணக்கிட்டனர். அவ்வாண்டின் இறுதி நாளான டிசம்பர் 31-இல் வந்தது ஏறத்தாழ 4 அளவுடையது. கிணற்றை மூடிய பின்னரே நடுக்கம் தணிந்தது. 2013 ஜனவரியில் வேறொரு கொடுமையும் நிகழ்ந்தது. துளைப்புக் கழிவை மழைநீர்க் கால்வாயிற் கொட்ட, அது மகோனிங் ஆற்றில் கலந்தது. அதற்குப் பொறுப்பானவர் சிறை சென்றார். ஆற்றை யார் சிறை மீட்பது? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குதல் என்னும் பழமொழிக்கு இதனினும் ஏற்ற உதாரணம் வேண்டுமோ?

ஈண்டு ஒருசாரார் எம்மை மறித்து, "வயிறு நிறைந்தவர் பேசும் பேச்சு இது, பசித்தவனுக்குத் தூய ஆறு சோறாகுமா?" என்று கேட்பர். இக்கேள்வியை யாம் இகழோம். அவ்வூர் மக்களே இதனைக் கேட்டனர். பாறைபிளக்கும் தொழிலை நகர எல்லைக்குள் தடுக்கவேண்டுமென்று 2013 முதல் பலமுறை வாக்கெடுப்பு நடந்தது. பலமுறையும் அத்தடை தோற்றது. தோற்கச் செய்தவருள் தொழிற்சங்கத்தாரும் உண்டு. அவர்கள் அறிவிலிகள் அல்லர். முப்பதாண்டு காத்திருந்தவனிடம் இன்னும் காத்திரு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மேலும் அவர்கள் கண்முன் ஒரு நற்சான்றும் இருந்தது. வல்லூரெக் என்னும் பிரெஞ்சுக் கம்பெனியைச் சார்ந்தார், பழைய பிரையர் ஹில் ஆலை நின்ற நிலத்திலேயே, 65 கோடி டாலர் செலவில் புதிய குழாய் ஆலையை எழுப்பி 2012-இல் உருட்டத் தொடங்கினர். கிணறுகளுக்கு வேண்டிய எஃகுக் குழாய்கள் அங்கே செய்யப்பட்டன. சுமார் 350 பேருக்கு வேலை என்று சொல்லப்பட்டது. ஷீட் அண்ட் டியூப் போன இடத்தில் மீண்டும் டியூப் பிறந்ததைக் கண்டு ஊரார் மகிழ்ந்தது இயல்பே.

அச்சான்றையே யாமும் எடுத்துக்கொள்ளுதும். அதனைச் சற்றே உற்றுநோக்கின், வேலை பிறந்தது வாயுவிலன்று, குழாயில் என்பது விளங்கும். வாயு நிலத்திலிருந்து தானே மேலேறும்; கிணறு தோண்டுங்கால் ஆள் வேண்டும், தோண்டியபின் வேண்டா. லார்ட்ஸ்டவுன் என்னும் அண்டையூரில் 940 மெகாவாட் மின்சாரம் தரும் வாயு மின்நிலையம் 2018-இல் இயங்கத் தொடங்கியது. அதனைக் கட்டுங்கால் பல நூற்றுவர் உழைத்தனர்; கட்டியபின் அதனை நடத்துவதற்குச் சில பத்துப் பேரே போதும். குழாய்களைச் செய்வதற்கோ நாள்தோறும் கைகள் வேண்டும். ஆகவே, ஓர் ஊரின் எரிபொருள் வளம் அவ்வூரின் வேலை வளமன்று. எரிபொருளை அடுத்து எழும் கைத்தொழிலே வேலை வளம். இது எம் முதற் கருத்து.

குழாய்த் தொழிலும் வாயுவின் விலையையே பற்றி நிற்பது. 2014-க்குப்பின் எண்ணெய் விலை வீழ்ந்தபோது அவ்வாலையிலும் ஆட்குறைப்பு வந்தது. ஒற்றைத் தூணில் நிற்கும் மண்டபம் எத்தூணாயினும் விழும். இதற்கு வேறொரு சான்றும் அங்கேயே உண்டு. லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார் ஆலை 1966-இல் தோன்றி, சிறந்த காலத்தில் பதினாயிரவருக்கு மேல் வேலை தந்தது. எஃகாலைகள் போனபின் அப்பள்ளத்தாக்கிற்கு அதுவே ஊன்றுகோல். 2019 மார்ச் 6-இல் அதுவும் நின்றது. அவ்வாலையை வாங்கி மின்சார வண்டி செய்வோம் என்று வந்த புதுக் கம்பெனி 2023 ஜூனில் திவாலாயிற்று. அருகிலேயே மின்கலம் செய்யும் அல்ட்டியம் ஆலை 2022-இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை பெற்றனர். எனினும் தொடக்க ஊதியம் மணிக்கு 16.50 டாலராகவே இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தொழிலாளர் 710 வாக்குகளால் சங்கத்தை ஏற்றனர், எதிர்வாக்கு 16. அதன்பின் நடந்த பேச்சுகளால் ஊதியம் உயர்ந்தது. 2025-இன் பிற்பகுதியிலோ, மின்சார வண்டிக்குத் தேவை குறைந்ததென்று சொல்லி, 2026 ஜனவரி முதல் சில மாதம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தனர். புதிய சக்தியும் பழைய சக்தியைப் போலவே வேறெங்கோ அமர்ந்திருப்பவரின் கணக்கேட்டைப் பொறுத்ததாயிற்று. கரி கெட்டது, மின்கலம் நல்லது என்று சொல்லி இளைப்பாற இடமில்லை என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? வாயுவை எடுக்கவே கூடாதென்று யாம் கூறவில்லை. எடுப்போரை ஊரார் சில நிபந்தனைகளுக்குட்படுத்த வேண்டும் என்கிறோம்.

முதலாவது, கெடுதிக்குப் பிணை. ஆற்றுக்கும் நிலத்துக்கும் தீங்கு வரின் அதனைச் சீர்செய்வதற்குரிய தொகையைத் தொழில் தொடங்குமுன்னரே கட்டிவைக்க வேண்டும். ஆறு கெட்டபின் வழக்காடுவது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம். இரண்டாவது, வருவாயிற் பங்கு. நிலத்தடிச் செல்வம் ஒருமுறையே எடுக்கத்தக்கது. விதைநெல்லை உண்பார் உழவராகார். அதனால் வரும் வரியில் ஒரு பகுதி அன்றாடச் செலவிற் கரையாமல் புதுத் தொழிலுக்கும் தொழிற்கல்விக்கும் ஒதுக்கப்பட வேண்டும். யங்ஸ்டவுனில் 2012-இல், பொருள்களை அடுக்கடுக்காக அச்சிட்டுச் செய்யும் புதிய முறைக்கென ஒரு தேசிய நிலையம் நிறுவப்பட்டது. பழைய எஃகுக்காரரின் பேரப்பிள்ளைகள் கற்கத்தக்க இத்தகைய தொழில்களே வாயு தீர்ந்தபின்னும் நிற்பவை.

மூன்றாவது, ஊராரின் சம்மதம். அந்நகரின் நடுவிலுள்ள நீராவி நிலையத்தில் பழைய டயர் முதலிய கழிவுகளைச் சூடாக்கி எரிவாயு செய்ய ஒரு கம்பெனி விரும்பியது. குடியிருப்போர் புகைக்கும் விபத்துக்கும் அஞ்சி எதிர்த்தனர். 2023 டிசம்பரில் நகரமன்றம் ஓராண்டுத் தடை விதித்தது. நலிந்த ஊர் எதனையும் ஏற்கும் என்று எண்ணுவோர்க்கு இது நல்ல விடை. வறுமை ஓர் ஊரின் வாயை அடைத்துவிடவில்லை என்பதைக் கண்டு யாம் மகிழ்கின்றோம். நான்காவது, மிச்சப்படுத்தும் சக்தி. குளிர் மிகுந்த அந்நாட்டில் பழைய வீடுகளின் சுவரிலும் கூரையிலும் வெப்பம் வீணே கசிந்தோடுகின்றது. அவற்றைச் செப்பனிட்டு வெப்பங்காக்கும் பணிக்குத் தச்சரும் கொத்தரும் வேண்டும். அவ்வேலையை வேற்றூருக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வீடு இருக்கும் இடத்திற்கே ஆள் வரவேண்டும். ஒரு பேராலைக்கு அது ஈடாகாது என்பதை அறிவோம். ஆயின் எந்தத் தொலைவூர் முதலாளியும் அதனை ஒரு திங்கட்கிழமையில் மூடிவிட முடியாது.

இவற்றுக்கெல்லாம் மேலானது உரிமை. 1977-இல் அத்தியட்சர்களும் தொழிலாளரும் கேட்டது சோற்றை மட்டுமன்று. ஊரின் விதியைத் தீர்க்கும் மேசையில் ஊராருக்கும் ஓர் இருக்கை கேட்டனர். அது மறுக்கப்பட்டது. அதன்பின் வந்த வாயுவும் காரும் மின்கலமும் எல்லாம் அவ்விருக்கையின்றியே வந்தன. அவ்விருக்கையின்றியே போயின, அல்லது போக நேருமோ என்று அஞ்சச் செய்கின்றன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஜனத்தொகை 60,068. இது 1930-இல் இருந்ததில் மூன்றிலொரு பங்கைச் சற்றே கடந்தது. எனினும் ஊர் இறந்துவிடவில்லை. 2005-இல் வகுத்த திட்டத்தில், நாம் இனிச் சிற்றூரே, சிறிதாயினும் செம்மையாக வாழ்வோம் என்று அவர்கள் வெளிப்படையாக ஒப்பினர். பழம்பெருமையை விட்டு உண்மையை ஒப்புவதற்கும் ஒரு வீரம் வேண்டும்.

இக்கட்டுரையை எம் நண்பருக்குப் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அறுபது நாள் முன்னறிவிப்புக் கிடைத்திருந்தால் அப்பா என் தங்கையின் பள்ளிக் கட்டணத்தையாவது முன்பே கட்டியிருப்பார்" என்றார். சட்டநூல்களிற் காணும் ஒரு சிறு விதி ஒரு வீட்டில் என்ன பொருள்படும் என்பதை அப்போதே உணர்ந்தோம். நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் பலர் கம்பெனிகளுக்கும் சர்க்கார் உத்தியோகங்களுக்கும் செல்கின்றனர். பழைய மாணவர் பலர் அங்கே உயர்ந்த நிலையில் உள்ளனர். ஆலையைத் திறப்பதும் மூடுவதும் குறித்த கடிதங்கள் ஒருநாள் நம்மவர் மேசைக்கே வரும். அப்போது அக்கடிதத்தின் மறுபுறத்தில் ஓர் ஊர் இருக்கின்றது என்பதை நினைந்து கையெழுத்திடுவோமாயின், இங்கே நாம் கற்ற கல்வி வீண்போகாது.